எட்டாவது குப்பி

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது பெரும்பாலும் ரத்தத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். நகை, நிலம், பிள்ளைகள் படிப்பு என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயங்களில் எல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் ஒத்துப்போய்விடுவோம். ரத்தம் என்று வந்தால் மட்டும் அவர் வடக்கே போவார், நான் தெற்கே போவேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவள். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு மாவு மில்லுக்கும் வலைக் கடைக்கும் நடுவே, ஒற்றை அறை. சாயர்புரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, கல்யாணம் ஆகி இங்கே வந்து, அந்த அறையில் உட்கார்ந்தவள்தான். தலைமுடி நரைக்கிற அளவுக்கு ஊர்க்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தாயிற்று. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு, யார் மாத்திரை போடாமலே போட்டதாகச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அசன விருந்தில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கும்போது என் பக்கம் திரும்ப மாட்டார்கள். இவ்வளவு பேர் ரத்தத்தைப் பார்த்த எனக்கு, கூடவே குடித்தனம் நடத்துகிற மனுஷனின் ரத்தத்தில் ஒரு சொட்டுகூடப் பார்க்கக் கிடைத்ததில்லை.

அவருக்குத் துறைமுக வாசலில் மளிகைக் கடை. கடலுக்குப் போகிற விசைப்படகுகளுக்கு அரிசி, பருப்பு, மசாலாத் தூள், டீத்தூள், தண்ணீர் கேன் எல்லாம் அங்கேயிருந்துதான் ஏறும். "அத்தான், நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ஒரு சொட்டுதான்" என்பேன். "நாளைக்கு சரக்கு வருதுளா" என்பார். மறுவாரம் கேட்டால் கிறிஸ்துமஸ் வரட்டும் என்பார். கிறிஸ்துமஸ் போனால் அசனம் முடியட்டும் என்பார். ரொம்ப நெருக்கினால் மார்பை ஒரு தட்டுத் தட்டி, "எனக்கு என்னளா? நேத்துக்கூட அரிசி மூட்டையை ஒத்தையாளாத் தூக்குனேன்" என்பார். அரிசி மூட்டை தூக்குவதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்துவேன். அவர் அதற்குள் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்.

ஊசிக்குப் பயந்தவர் இல்லை அவர். அதைச் சொல்லிவிட வேண்டும். தனக்கென்று ஒரு காரியத்தைச் செய்துகொள்ளத்தான் அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு என்றால் முதல் ஆளாக நிற்பார். துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரர்கள் எல்லோரும் எல்லா வேலைக்கும் அலைய மாட்டார்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்க ஒருவர், டீசலுக்கு ஒருவர், ஐஸ் கட்டிக்கு ஒருவர் என்று, யார் கை சும்மா இருக்கிறதோ அவர் படகு முழுவதற்கும் சேர்த்து நிற்பார். என் வீட்டுக்காரர் எந்தப் படகிலும் இல்லை. ஆனாலும் எல்லாப் படகுக்கும் அவர்தான் நிற்பார். கடைக் கல்லாவுக்குப் பின்னால் நாலைந்து படகுகளின் சாவி தொங்கும். கடலில் இருப்பவன் வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பதும் இவர்தான். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற வார்த்தையை நான் கேட்டது அவருடைய ரத்தப் பரிசோதனைக்கு மட்டும்தான்.

இந்த நிலையில்தான் அந்த மெஷின் வந்தது.

சென்னையில் ஒரு கம்பெனி செய்தது. மூன்றடுக்கு டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் சிறியது, மேலே கைப்பிடிகூட உண்டு. பேட்டரியில் ஓடும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதற்குள் சின்னச் சின்ன அறைகள். நடுவில் ஒரு துளி ரத்தத்தை விட்டு மூடினால் தட்டு உள்ளே சுற்றும், ரத்தம் பிரிந்து அறை அறையாகப் போய் உட்காரும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ரத்த அளவு, சிறுநீரகம், ஈரல், கொழுப்பு எல்லாம் ஒரே துளியில். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் முடிவு திரையில் வந்துவிடும்.

எனக்கு அதைப் பார்த்ததும் ஏற்பட்ட ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பட்டுப் புடவை மேல்கூட எனக்கு அப்படி ஆசை வந்ததில்லை. என் கூடத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு மெஷின், ஒவ்வொரு மருந்து. முடிவு மாலையிலோ மறுநாளோதான். கடல் வேலைக்காரர்கள் ரத்தம் கொடுக்க ஒரு தடவை வருவதே பெரிது. முடிவை வாங்க இன்னொரு தடவை யார் வருகிறார்கள்? என் மேஜை இழுப்பறையில் யாரும் வாங்க வராத ரிப்போர்ட்டுகள் கிடக்கும். அதில் சிலவற்றைப் பார்த்து நானே ஆள் தேடிப் போயிருக்கிறேன். இந்த மெஷின் இருந்தால் ஆள் எழுந்து போவதற்குள் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம்.

கம்பெனி அதைச் சும்மா தரவில்லை. துறைமுகத்தில் உழைக்கிறவர்களின் ரத்தத்தை அதில் பார்த்து, முடிவுகளை சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். சரியாக அமைந்தால் மெஷின் என்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போகும். ஆகவே அந்த வாரம் முழுக்க வீட்டிலும் கடையிலும் போகிற வருகிறவர்களிடமும் நான் ஒரே பாட்டுத்தான் பாடினேன். "மெஷினைச் சோதிக்கோம், மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பாக்கோம்." இந்த வாக்கியத்தை நான் அத்தனை தடவை சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் கடையில் சரக்கு எடுக்கும் படகு ஒன்றின் ஆட்களைக் கேட்டேன். ஏழு பேர். படகை ஓட்டுகிறவரை இங்கே டிரைவர் என்போம். அந்த டிரைவர் நாற்பது வயசுக்காரர், பக்கத்துப் படகில் இருப்பவருக்கும் கேட்கிற குரல். ஆளும் அதற்கேற்ற அகலம். நான் விரலில் குத்துகிற ஊசியைக் காட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. விரல்ல ஓட்டை போட்டுட்டு ஐஸ்லயும் உப்புத் தண்ணியிலயும் கையை விட்டா உயிர் போயிரும். மீன் முள்ளு குத்துன இடமே சீப் பிடிக்கி. ஞாயித்துக்கிழமைன்னா கடலுக்குப் போக மாட்டோம், அன்னைக்கு எத்தனை ஓட்டை வேணும்னாலும் போடுங்க."

"எனக்கு சனிக்கிழமைக்குள்ள வேணுமேப்பா."

அவர் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தேன். என் வீட்டுக்காரர் தராசில் கடலைப் பருப்பு நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"குப்பியை இங்கன குடுளா. நான் பாத்துக்கிடுதேன். அவனுவ கடலுக்குப் போறதுக்கு முன்ன சரக்கு எடுக்க வருவானுவள்ளா, அப்ப எடுத்து வைக்கேன்."

யோசித்தேன். ஆனால் ஆசை யாரை விட்டது? சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் ஏழில் ஏழு பேர் பெயரையும் ஒட்டிக் கொடுத்தேன். விரல் நுனியின் நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். பிதுக்கக் கூடாது, கையைத் தொங்கவிட்டால் தானாக வரும். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். "இத்தன வருசம் பாக்கேன், இது தெரியாதா?" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பொழுது சாய வந்தார். தெர்மகோல் பெட்டியில் ஐஸ், ஐஸ் மேல் ஏழு குப்பி, ஏழிலும் ரத்தம், ஒன்றில்கூடக் குறையில்லை. "கேட்டதும் குடுத்துட்டானுவளா?" என்று கேட்டேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, சந்தோஷத்தில் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடித்தது.

சாப்பிட உட்கார்ந்தவர் ஸ்பூன் கேட்டார்.

எங்கள் வீட்டில் ஸ்பூன் ஊறுகாய் ஜாடிக்குள் இருக்கும், அல்லது விருந்தாளிக்கு. இந்த மனுஷன் ஐஸ்கிரீமையே விரலால் வழிக்கக்கூடியவர். சாளை மீனை ஸ்பூனால் முள் எடுக்க முயன்று, மீன் தட்டைச் சுற்றி ஓட, இவர் துரத்த, நான் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. "என்னத்தான் இது, துரை மாதிரி?" என்றேன். "ஒரு மாறுதலுக்குத்தான்ளா" என்றார். மாறுதல் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அவர் பாதி மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார், அதையும் நான் கேட்கவில்லை.

காலையில் கூடத்தைத் திறந்து, ஜெபம் பண்ணி, மெஷினைப் போட்டேன். முதல் குப்பி டிரைவருடையது. மூன்று மாதச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. சிறுநீரக எண்ணும் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டியிருந்தது. அந்த உடம்புக்கு இது ஆச்சரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது குப்பி அவர் தம்பியுடையது. அவனுக்கும் அதே. அண்ணன் தம்பிதானே, இருக்கலாம். மூன்றாவது, ஒட்டடைக்குச்சி மாதிரி மெலிந்த ஆள், இந்தப் பரம்பரைக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவனுக்கும் அதே சர்க்கரை, அதே சிறுநீரகம், அதே கொழுப்பு. நான்காவதைப் போடுமுன் குப்பியில் ஒட்டிய பெயரை இரண்டு தடவை படித்தேன். ஏழாவது முடிந்தபோது மெஷினைத் தூக்கி வலைக் கடைப் பக்கம் எறியலாமா என்றிருந்தது.

கம்பெனியில் என்னிடம் பேசுவதற்கென்று ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு, இனிமையான குரல். அந்தக் குரல் முழுவதும் அடங்கும்படி நான் கத்தினேன்.

"எல்லாருக்கும் ஒரே முடிவைச் சொல்றதுக்கு ஒரு மெஷின் எதுக்கும்மா? நானே வாசல்ல உக்காந்து சொல்லிருவேனே!"

அவள் பொறுமையாக, "மேடம், உங்க ரத்தத்தையே ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். எனக்கு ரத்தம் கொஞ்சம் குறைவு, சர்க்கரை கோட்டின் மேலேயே நடக்கிறது, கொழுப்பு இல்லை. அது எனக்கு மனப்பாடம். மெஷின் அதை அப்படியே சொன்னது. பிறகு ஏழு முடிவுகளையும் வரிசையாக வைத்து மறுபடி பார்த்தேன். ஏழும் அச்சடித்தது போல் ஒன்றாக இல்லை. கடைசி இலக்கம் மட்டும் ஒன்றில் கொஞ்சம் முன்னே, ஒன்றில் கொஞ்சம் பின்னே. மெஷின் பழுதாகி ஒரே இடத்தில் நின்றிருந்தால் எல்லாம் ஒரே எண்ணாக நிற்கும். இது அப்படி இல்லை. ஒரே ஆளின் ரத்தத்தை ஏழு தடவை பார்த்தால்தான் இப்படி வரும்.

பிறகு எனக்கு வந்த கோபம் சாமானியமானதில்லை. ஏழு பேரும் சேர்ந்து ஒருத்தனைப் பிடித்து எல்லாக் குப்பியையும் நிரப்பிவிட்டார்கள், என் அப்பாவி வீட்டுக்காரரை ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அத்தான், நீங்க கண்ணால பாத்தியளா ஏழு பேரும் குடுத்ததை?"

தராசுத் தட்டு எதிலோ இடிபட்ட சத்தம் கேட்டது. "கடையில கூட்டம்ளா, சரியாக் கவனிக்கல" என்றார். பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற மனுஷன் என்று எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

கோபம் கொஞ்சம் ஆறியதும்தான் அந்த எண்கள் உறைத்தன. ஏமாற்றியது யாராகவும் இருக்கட்டும். அந்த ஏழு பேரில் ஒருவனுக்கு உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல். சர்க்கரை ஏறி, சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது. இப்போதே பிடித்து மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தொடங்கினால் சிறுநீரகம் நிற்கும். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கூடத்துக்கு வருகிற ஒரு லாரி டிரைவர், ஒரு காலத்தில் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கப் போனவர். இப்போது டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வருகிறார். அவர் கையில் ரத்தம் எடுக்க இடம் தேடித் தேடித்தான் குத்துவேன். இந்த ஏழு பேரில் ஒருவன் அந்த வழியில் முதல் அடி வைத்திருக்கிறான். யார் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை அந்தப் பெண் முடிவுகளைக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை கழிச்சுத்தான் தருவேன்" என்றேன். "மேடம், மெஷினை வேற ஊருக்கு மாத்திருவாங்க" என்றாள். "மாத்தட்டும்மா. எனக்கு இங்க ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும்" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், நான் துறைமுகம் வரை போய்வருவதாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னைக்கு எதுக்குளா? அவனுவ இருக்க மாட்டானுவ" என்றார். "நீங்க வீட்டுக்குப் போயி வெங்காயம் உரிங்க" என்று சொல்லிவிட்டு, மெஷினை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மாதா கோவில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, படகுத் தளத்தில் வலையைப் பரப்பி, கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் மெஷினை ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன். ஏசுவதற்காகத்தான் வந்தேன். ஆனால் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஏச்சு வரவில்லை.

"இங்கன பாருங்கப்பா. யாரு யாருக்காகக் குடுத்திய, எதுக்குக் குடுத்தியன்னு நான் கேக்கல. உங்கள்ல ஒரு ஆளுக்கு சர்க்கரை ரொம்ப இருக்கு. கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு. அது யாருன்னு இன்னைக்கே தெரியணும். தெரிஞ்சா காப்பாத்திரலாம்."

பாட்டை நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். டிரைவர்தான் முதலில் கையை நீட்டினார். "ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்லாக்கா, சொன்ன சொல்லு சொல்லுதான்" என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். புயல் சின்னம் என்றால் அசராமல் படகைத் திருப்பிக்கொண்டு வருகிற ஆள், ஊசி படுமுன்னே "ஆத்தா" என்றார். மற்ற ஆறு பேருக்கும் அதில் அப்படியொரு குஷி.

மெஷின் சுற்றியது. டிரைவருக்குச் சர்க்கரை இல்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தது. கொழுப்பு மட்டும் அதிகம். "அது பாத்தாலே தெரியுதே, இதுக்கு ஒரு மெஷினா?" என்றான் அவர் தம்பி. அடுத்து அவனைப் போட்டேன். அவனும் இல்லை. மெலிந்த ஆளுக்கு ரத்தம் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை. ஒவ்வொருவர் முடிவும் வர வர, அந்த ஆள் சிரித்தபடி எழுந்து வலைக்குத் திரும்பினான். நான் மட்டும் மிச்சம் இருக்கிறவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசி ஆளுடையது திரையில் வந்தது. அவனும் இல்லை.

ஏழு பேர் இருந்தார்கள், ஏழு முடிவும் வெவ்வேறாக இருந்தன, நான் தேடி வந்த ரத்தம் அதில் இல்லவே இல்லை.

"அப்ப அந்தக் குப்பியில இருந்த ரத்தம் யாருது?" என்றேன்.

எல்லோரும் துறைமுக வாசல் பக்கம் பார்த்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஷட்டர் இறக்கியிருந்தது எங்கள் கடை. டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அண்ணாச்சியை ஏசிராதிய. நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம். அவுகதான், 'ஏலே, ஒங்க கை கடலுக்குப் போற கை. என் கை தராசு பிடிக்கிற கைதானல, சும்மாதான கெடக்கு. மெஷினு ஓடுதான்னு பாக்கதுக்கு எந்த ரத்தமா இருந்தா என்ன'ன்னு சொல்லி, அவுக விரல்லயே குத்திக் குத்தி நெரப்புனாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டாக."

எனக்கு ஸ்பூன் ஞாபகம் வந்தது. தட்டைச் சுற்றி ஓடிய சாளை மீன் ஞாபகம் வந்தது. புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு குத்திய விரலில் பட்டால் எப்படி எரிந்திருக்கும். விக்கல் வரும்படி நான் சிரித்தேனே.

எனக்குப் பயமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பயம்தான். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக மெஷினையே விட்டுவிடத் துணிந்தவள், அந்த ஆள் என் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் போட முடியாமல் நின்றேன். டிரைவர்தான் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். போகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அவர் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொள்வதும், ராத்திரியில் எழுந்து எழுந்து போவதும். வெயில் என்று அவர் சொன்னார், வெயில்தான் என்று நானும் நினைத்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் கண் தெரியவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். ஐந்து விரலிலும் புள்ளி இருந்தது, ஓரத்தில், நான் சொல்லிக் கொடுத்த அதே இடத்தில். வலது கையைத் திருப்பினேன். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருந்தது. அவர் கண்ணிலிருந்து வெங்காயத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏளா," என்றார் மெதுவாக, "மெஷினு போயிருமா?"

அவ்வளவுதான் அவர் கவலை. நான் ஆசைப்பட்ட மெஷின் கை நழுவிப் போய்விடக் கூடாது. அந்த இடத்தில் நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன், ஏசிக்கொண்டே கையை விடாமல் பிடித்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சர்க்கரை, சிறுநீரகம், இப்போதே கண்டுபிடித்ததால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை, நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், எல்லாம். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அவனுவ ஏழு பேருக்கும் ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அன்று மாலை கூடத்தைத் திறந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். எட்டாவதாக ஒரு குப்பியை எடுத்து, அதில் அவர் பெயரை எழுதி ஒட்டினேன். அந்த அறையில் அந்தப் பெயரை எழுதுவது அதுதான் முதல் தடவை. குத்தாத விரல் மூன்று மிச்சம் இருந்தது, மோதிர விரலில் எடுத்தேன். சொல்லவே வேண்டாம், ஏழு குப்பியிலும் பார்த்த அதே முடிவுதான் வந்தது. திரையில் அதைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகிய ஆளைப் பார்த்தது போல் இருந்தது.

டாக்டர், "நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள்" என்றார். மாத்திரை, நடை, உப்பைக் குறை, மக்ரூனை மற. கடைசி வரியைக் கேட்டதும்தான் என் வீட்டுக்காரர் முகம் வாடியது. கம்பெனிப் பெண்ணிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டாள். ஒரே ஆளை ஏழு பெயரில் அனுப்பியும் மெஷின் ஏமாறவில்லை என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த முடிவுகளை அனுப்பினேன். மெஷின் என்னிடமே தங்கியது.

இப்போது அவர் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறார். முதல் சில நாள் நான் கூடவே போனேன், நம்பிக்கை இல்லாமல்தான். துறைமுகம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. படகுக்காரர்கள் கடந்து போகும்போது டிரைவர் கத்துவார். "அண்ணாச்சி, அப்படியே எங்க ஏழு பேருக்கும் சேத்து நடந்துருங்க!" இவரும் கையை ஆட்டி, நடையைக் கொஞ்சம் கூட்டுவார்.

மறுபடி ரத்தம் பார்க்க டாக்டர் சொன்ன தவணை வந்தபோது நான் ஒன்றும் நினைவுபடுத்தவில்லை. காலையில் கூடத்தில் நல்ல கூட்டம். தலை நிமிர்ந்து பார்த்தால், வெறும் வயிற்றோடு, குளித்துச் சட்டை மாற்றி, வரிசையில் ஐஸ் வண்டிக்காரருக்குப் பின்னால் அவர் நிற்கிறார். முறை வந்ததும் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இன்னைக்கு யாருக்காக வந்திருக்கிய?" என்றேன்.

"எனக்குத்தான்ளா. என் பேரையே எழுது."

எழுதினேன். துளியை விட்டு மூடினேன். மெஷின் சுற்றுகிற நேரம் முழுவதும் திரையைப் பார்க்காமல் பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இறங்கியிருந்தது. சிறுநீரக எண் கோட்டுக்குள் வந்திருந்தது. நான் இன்னொரு தட்டை எடுத்து, அவர் விரலில் இன்னொரு சொட்டு எடுத்து, திரும்பவும் போட்டேன். அதே எண்தான் வந்தது.

"எதுக்குளா ரெண்டு தடவை?" என்றார்.

"மெஷினைச் சோதிக்கேன்" என்றேன்.